இலைக்கு 1,400 ரூபாய்: பழைய செட்டியார் வீட்டு ஹோட்டலில் விசேஷச் சாப்பாடு, போகலாமா?

7 ஜூன் 2025 (வாசகர் கேள்வி)

அம்மா அப்பாவுக்கு ஆகஸ்டில் 40-வது கல்யாண நாள். நாங்கள் சென்னை, தங்கச்சி கோயம்புத்தூர். எல்லாருமாக எட்டுப் பேர் காரைக்குடி வருகிறோம். பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக்கிய இடம் ஒன்றில் மதியம் இலைச் சாப்பாடு போடலாம் என்று எனக்கு ஆசை. இலைக்கு 1,400, வரி தனி என்கிறார்கள். மாமா ஒரே பிடியாக நிற்கிறார்: "அந்தக் காசுக்கு ஒரு தவசிப்பிள்ளைய (சமையல்காரர்) கூப்பிட்டு, வாசல்ல பந்தலைப் போட்டு, நாப்பது பேருக்கு ஆக்கிப் போடலாமே. எட்டுப் பேர் திங்கவா இம்புட்டு?" ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

8 ஜூன் 2025

முதலில் மாமாவின் கணக்கு. எட்டு இலை 11,200. நாற்பதால் வகுத்தால் தலைக்கு 280. ஆட்டுக்கறி கிலோ 800-ஐத் தாண்டி ரொம்ப நாளாச்சு. தவசிப்பிள்ளை கூலி, கூடமாட ரெண்டு ஆள், இலை, கேஸ், பாத்திர வாடகை, பந்தல், கழுவ ஆள் என்று அடுக்கிப் பாருங்கள். சைவம் என்றால் முட்டி மோதி எட்டிவிடலாம். கறி போட்டால் நாற்பதெல்லாம் நடக்காது.

ஆனால் மாமா காசைப் பேசவில்லை. ஊரைக் கூப்பிடாமல் என்ன விசேஷம் என்கிறார். அதற்கு எந்த ஹோட்டலும் பதில் இல்லை. ஊரைக் கூப்பிட ஆசையிருந்தால் வீட்டிலேயே போடுங்கள்.

நாங்கள் போயிருக்கிறோம். அப்பா மணிவிழா திருக்கடையூரில் முடிந்து, சொந்தபந்தத்துக்கு வீட்டில் சாப்பாடு போட்டு, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு நாங்கள் ஒன்பது பேர் மட்டும்: அப்பா, அம்மா, அத்தை, தம்பி, தம்பி பெண்டாட்டி, நாங்கள் ரெண்டு பேர், பிள்ளைகள் ரெண்டு. போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ருசிக்காகப் போகாதீர்கள். கறிக்குழம்பும் கோலா உருண்டையும் காரைக்குடியில் எந்த நல்ல மெஸ்ஸிலும் கால் பங்கு விலைக்குக் கிடைக்கும்.

9 ஜூன் 2025

எந்த ஹோட்டல் என்று கேட்டு நாலைந்து பேர். நாங்கள் போன இடத்தின் பேரை எழுதப் போவதில்லை, அங்கே வேலை பார்ப்பவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள், நாளைக்கு நல்லது கெட்டது ரெண்டும் எழுதுவேன். பொதுவாக இந்தப் பக்கம் பழைய வீட்டில் தங்கவும் சாப்பிடவும் என்று வெளியூர்க்காரர்கள் தேடிப் போவது காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், திருமயத்துக்குப் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். இதில் கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம், மற்றதெல்லாம் சிவகங்கை. செட்டிநாடு மாவட்ட எல்லையைப் பார்த்து உட்காரவில்லை. எதுவானாலும் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லாமல் போகாதீர்கள். நடந்து உள்ளே நுழைந்து மெனு கார்டு கேட்கும் இடங்கள் இல்லை இவை. எத்தனை இலை என்று தெரிந்துதான் உலை வைப்பார்கள்.

11 ஜூன் 2025

இலையில் என்ன வந்தது என்று கேட்டிருந்தார்கள். நினைவிலிருந்து எழுதுகிறேன், வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

நுனி இடது கைப்பக்கம் இருக்கப் போட்ட தலைவாழை இலை. உப்பு, ஊறுகாய், ஒரு கரண்டி கவுனி அரிசி. கவுனிதான் முதலில். பர்மாவுக்கு வட்டித் தொழிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த கருப்பரிசி அது. அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் போட்டு, கருஞ்சிவப்பாக இலையில் சாயம் விடும். என் சின்னவன் தொடமாட்டேன் என்று சொல்லி, பிறகு அத்தை இலையிலிருந்து எடுத்துத் தின்றான்.

அப்புறம் ரெண்டு பொரியல், ஒரு கூட்டு, வெண்டைக்காய் மண்டி. அப்பளம், மாவத்தல். கோலா உருண்டை, ஆட்டுக்கறி உப்புக்கறி, காடை வறுவல். சோறு வந்ததும் பருப்பு நெய், கறிக்குழம்பு, கேட்டவர்களுக்கு மீன்குழம்பு, நண்டு ரசம், மோர். கடைசியில் சூடாக வெள்ளைப்பணியாரம், தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். கடைசியில் பணியாரம் வைப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அது காலைப் பலகாரம், சாப்பாட்டுக்கு வால் மாதிரி எதற்கு என்றாள். வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், அதற்காக வைக்கிறார்கள் என்று தம்பி பெண்டாட்டி சமாதானம் சொன்னாள்.

பணியாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அளவு சுலபம்: ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே டம்ளரில் அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரைக்கும் குவித்தால் அதுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, எண்ணெய்ச் சட்டியில் ஒரு கரண்டி ஊற்றி, மேலே எழும்பியதும் திருப்பி, நிறம் மாறுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். ரெண்டு சேர்த்து ஊற்றினால் ஒட்டும், சூடு இறங்கும், எண்ணெய் குடிக்கும். ஒன்பது பேருக்குத் தலைக்கு மூன்று என்றாலே அடுப்படியில் ஒரு ஆள் அசையாமல் நின்றாக வேண்டும். 1,400 ரூபாயில் எது போகிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். காடையையும் நண்டையும் காட்டமாட்டேன். அவை விலை அதிகமான சரக்கு, அவ்வளவுதான். நண்டு கோட்டைப்பட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து காலையில் வந்துவிடும், காசு இருந்தால் யாரும் வாங்கலாம்.

மண்டி சுமார். மண்டிக்கு உயிர் அரிசி களைந்த தண்ணீர். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ரெண்டாவது தண்ணீரை எடுத்து, அதில் புளியைக் கரைத்து விட வேண்டும். இவர்கள் அரிசி மாவைக் கரைத்து விட்டிருந்தார்கள் என்று அம்மா ஒரு வாயிலேயே சொல்லிவிட்டாள். கேட்டபோது பரிமாறிய பெண் சிரித்தாளே தவிர மறுக்கவில்லை.

12 ஜூன் 2025

சைவ நாள் பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி பார்ப்பவர்கள் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். ஹோட்டல் தினமும் கறி ஆக்கும், அதற்கென்ன. உங்கள் கூட வருகிறவர் தாலி கட்டிய நாளென்று விரதம் இருந்துவிட்டு, எதிரே காடை காலை நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்தபடி வெறும் ரசம் சாப்பிடக் கூடாது பாருங்கள். நாளைப் பார்த்து வையுங்கள்.

14 ஜூன் 2025

இது கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

நாங்கள் நகரத்தார், அதாவது செட்டியார், இல்லை. அப்பா ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வீட்டுக்காரர்கள் எல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். மற்ற நாட்களில் சாவி அப்பாவிடம். முகப்பில் சாய்வு மேசை, அதில் பேரேடு. கல்யாணம் வந்தால் அப்பாவுக்குப் பெரிய வேலை பாத்திரக் கணக்கு. சாமான் அறையிலிருந்து இறங்குகிற அண்டா, தூக்கு, கூஜா, எனாமல் தட்டு, வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் எழுதி இறக்கி, கல்யாணம் முடிந்ததும் எழுதி ஏற்ற வேண்டும். செட்டியார் வீட்டுப் பாத்திரத்தில் விலாசம் வெட்டியிருக்கும். ரெண்டு மூன்று இனிஷியல் எழுத்துகள், அதுதான் அந்த வீட்டின் அடையாளம். பங்காளி வீட்டிலிருந்து இரவல் வந்தது எது, நம் வீட்டுச் சாமான் எது என்று பிரிப்பது அதை வைத்துத்தான்.

அந்த மனுஷனைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டுப் போஜன ஹாலில் உட்கார வைத்தோம். ஆத்தங்குடிக் கல் பளபளவென்று கிடக்கிறது, தூணெல்லாம் பர்மாத் தேக்கு, மேலே பெல்ஜியம் கண்ணாடி. பிள்ளைகள் போட்டோ எடுத்தபடி இருந்தார்கள். அப்பா எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடித்து முடித்தார், தலைகீழாகத் திருப்பினார். பக்கத்து டம்ளரையும் திருப்பினார். என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஏதோ அழுக்கு இருக்கிறது போல என்று நினைத்துவிட்டார்.

"இந்தா பாரு, மூணு டம்ளர், மூணு விலாசம். ஒண்ணுகூட இந்த வீட்டு விலாசம் இல்ல. இது பள்ளத்தூர்ச் சாமான்."

எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகளிலிருந்து வந்தது என்று மேனேஜர் தம்பி சங்கடத்தோடு சொன்னான். பாகம் பிரிந்து, வீடு இடிபட்டு, கதவு நிலை தூண் எல்லாம் கடைக்குப் போனபோது பாத்திரமும் சேர்ந்து போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணிக்கை சரியா வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவன் இல்லை என்றான். சாப்பிட்டு முடித்ததும் ரெண்டு பேரும் சாமான் அறைப் பக்கம் போனவர்கள் நாங்கள் கார் ஹாரன் அடிக்கிற வரைக்கும் வரவில்லை.

மணிவிழாவில் அவர் மிகவும் அனுபவித்தது அந்த அரை மணி நேரம்தான் என்று தம்பி இன்றைக்கும் சொல்வான். 12,600 ரூபாய் கொடுத்து அப்பாவை வேலைக்கு அனுப்பி வைத்தோம் என்று.

15 ஜூன் 2025

அந்த வேலைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை, அப்பாவுக்கு அவர்கள் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு டம்ளர் பாயசம் கூடக் கொடுத்தார்கள்.

19 ஜூன் 2025

பில் விஷயம். இதை யாரும் முன்னால் சொல்வதில்லை, கடைசியில் முகத்தில் அறையும்.

ஒன்பது இலை, 12,600. ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,268. மொத்தம் 14,868. என் வீட்டுக்காரர் கவுண்டரிலேயே ஆரம்பித்துவிட்டார், "ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீதம்தானே, 18 எங்கேருந்து வந்துச்சு?" என்று. அவர்கள் போட்டது சரிதான். தனி உணவகத்துக்கு 5. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500-க்கு மேலே வாங்குகிற ஹோட்டல் வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் 18. நீங்கள் அங்கே தங்கினாலும் இல்லாவிட்டாலும் இதேதான். 2025 ஏப்ரலில் இருந்து, போன நிதியாண்டில் அந்த ஹோட்டல் எந்த அறையையாவது 7,500-க்கு மேலே கொடுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய வீட்டு ஹோட்டல்களில் பெரும்பாலும் அறை அந்த விலையைத் தாண்டிவிடும். 5 என்றால் 630 தான் வந்திருக்கும். போன் பண்ணும்போதே "வரி எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிடுங்கள்.

சேவைக் கட்டணம் வேறு கதை. வரி இல்லை அது, ஹோட்டல் தானாகப் போட்டுக்கொள்வது. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்குப் போன். எங்களுக்குப் போடவில்லை. பரிமாறிய பெண்களுக்கு நேராகக் கையில் கொடுத்தோம். உண்டியலில் போடுங்கள், அடுப்படியில் இருப்பவர்களுக்கும் பங்கு போகும் என்று அவர்களே சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

22 ஜூன் 2025

"செட்டிநாட்டுச் சாப்பாடு எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துக்காது, ஒரே காரம்" என்று எழுதியவருக்கு.

சென்னையிலும் பெங்களூரிலும் செட்டிநாடு என்று போர்டு மாட்டிய கடையில் சிவப்பு எண்ணெய் மிதக்கிற சிக்கனைச் சாப்பிட்டுவிட்டு இந்த முடிவுக்கு வருகிறார்கள். இங்கே வீட்டில் ஆக்குகிற சாப்பாடு அப்படி இல்லை. மிளகு, சோம்பு, சீரகம் முன்னால் நிற்கும், மிளகாய் பின்னால் வரும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வாசனைக்குத்தான், காரத்துக்கு இல்லை. கல்பாசியை ஒரு சிட்டிகைக்கு மேலே போட்டால் குழம்பு கசந்துவிடும், அதனால் கை தெரிந்தவர்கள் கஞ்சமாகத்தான் போடுவார்கள். கோசமல்லி, கும்மாயம், பால்பணியாரம், இளங்குழம்பு இதிலெல்லாம் என்ன காரம் இருக்கிறது?

இன்னொன்று. இந்த மசாலாவில் பாதி இந்த மண்ணில் விளைவதே இல்லை. கண்மாயையும் ஊரணியையும் நம்பி இருக்கிற வானம் பார்த்த பூமி. அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. கிராம்பு கிழக்குத் தீவுகளில் இருந்து உலகம் சுற்றியது. கப்பல் ஏறிப் போனவர்கள் வீட்டு அடுப்படி அது, அதனால்தான் ரங்கூன் புட்டும் கவுனியும் நம் இலையில் உட்கார்ந்திருக்கின்றன. சில வீடுகளில் கட்லெட்டும் கஸ்டர்டும்கூட உண்டு, துரைகளுக்கு விருந்து வைத்த பழக்கம்.

பெரியவர்களுக்கு வேறு ஒன்று ஒத்துக்காது: தரையில் உட்காருவது. மேசை உண்டா என்று கேளுங்கள். எங்களுக்கு மேசையில்தான் இலை போட்டார்கள்.

24 ஜூன் 2025

முள்கரண்டி கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்கள். எங்கள் பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சு ஜோடி, கையாலேயே நண்டு ரசத்தைச் சோற்றில் பிசைந்து அழகாகச் சாப்பிட்டார்கள். கரண்டி கேட்டது என் பெரியவன்.

உடுப்புக்குக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. வெயில் காலம் என்றால் பட்டு வேண்டாம்.

29 ஜூன் 2025

பணியாரம், மண்டி, டம்ளர் என்று எழுதிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். எங்கள் கல்யாண நாளுக்குப் போன இன்னொரு இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும். இதுவும் பழைய வீடுதான், பேர் வேண்டாம். வெளியூர்ச் சமையல்காரர் ஒருவர் வந்து செய்யும் ராச்சாப்பாடு. ஏழு சுற்று, தலைக்கு 3,200. வளவில், அதாவது உள்முற்றத்தில், மெழுகுவத்தி, நடுவில் மேசை.

நண்டு ரசம் விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில். உப்புக்கண்டத்தை (உப்புப் போட்டுக் காயவைத்த கறி) பொடித்துத் தயிர்சாத உருண்டை மேலே தூவி. கவுனியை அரைத்து ஐஸ்கிரீம். நாலாவது சுற்றில் ஒரு வெள்ளைப்பணியாரம். ஒன்றே ஒன்று, பெரிய கறுப்புத் தட்டுக்கு நடுவில், சுற்றிலும் மிளகாய்த் துவையல் மூன்று பொட்டு. அது என்னவென்று பரிமாறிய பையன் இங்கிலீஷில் எங்களுக்கு விளக்கினான். கானாடுகாத்தான்காரிக்கு வெள்ளைப்பணியாரத்தை விளக்கினான்! பாவம், அவன் ஊர் எதுவோ, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

ருசியில் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணியாரம் எங்கள் அம்மா சுடுவதைவிட மெத்தென்று இருந்தது. அதனால்தான் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் மேடம்" என்றான்.

அங்கேயே எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

மணிவிழாச் சாப்பாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவால் உட்கார முடியவில்லை. ரெண்டு தடவை எழுந்து, பரிமாறுகிற பெண்ணின் கையில் இருந்த ரச வாளியை வாங்கப் போனாள். எங்கள் வீட்டில் எந்த விசேஷத்திலும் அம்மா கடைசிப் பந்தி. அவள் இலையில் வந்து விழுவது உடைந்த அப்பளமும் அடிச்சட்டிக் கூட்டும். அந்தப் பெண் வாளியை விடவில்லை. "உக்காருங்க ஆச்சி, நாங்க எதுக்கு இருக்கோம்" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாட்டியும் அம்மா இலையைத்தான் முதலில் பார்த்தாள். உப்புக்கறி தீர்ந்துவிட்டதா, இன்னொரு கரண்டி. கோலா ஒன்றுதான் எடுத்தீர்களா, இன்னும் ரெண்டு. வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தால், கைக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். பந்தி விசாரிப்பு என்பது இதுதான். நம் கல்யாண வீடுகளில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் இலை இலையாக நின்று கேட்டுக்கொண்டு போவார் இல்லையா, அந்த வேலை. கேட்கிற ஆள் இருந்தால் சாப்பிடுகிறவர் விருந்தாளி. கேட்காமல் அளந்து வைத்தால் வாடிக்கையாளர்.

1,400 ரூபாயில் நான் வாங்கியது அம்மாவுக்கு முதல் பந்தி. வீட்டில் எத்தனை தவசிப்பிள்ளைகளை வைத்தாலும் அது நடக்காது. வீடென்றால் அவள் எழுந்து போவாள். தவசிப்பிள்ளைக்குக் காப்பி கொடுக்கப் போவாள், உப்புப் பார்க்கப் போவாள், மாமனார் வழி உறவு யாராவது முகத்தைத் தூக்கியிருந்தால் சமாதானம் செய்யப் போவாள்.

1 ஜூலை 2025

முந்தைய குறிப்புக்கு ஒரு பெண் எழுதிய பதில் என்னை யோசிக்க வைத்தது. இலைச் சாப்பாடு அரை மணியில் முடிந்துவிடும், ரெண்டு பேர் மட்டும் போகிற நாளுக்கு அது பொருந்தாது, நீங்கள் குறை சொன்ன ஏழு சுற்றில்தான் பேச நேரம் கிடைக்கும் என்கிறார். உண்மை. அன்றைக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் ரெண்டு மணி நேரத்துக்கு மேலே உட்கார்ந்து பேசினோம். வீட்டுக் கடன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் எதையும் பேசவில்லை. இலை போட்ட இடத்தில் அது நடக்காது. ரசம் சோறு முடிந்ததுமே எழுந்திருக்கத் தோன்றும், நீங்கள் எழுந்திருக்காவிட்டால் பக்கத்து இலைக்காரர் உங்களுக்காகக் காத்திருப்பார்.

ஆக, ரெண்டு பேர் என்றால் தட்டு. அப்பா அம்மாவோடு என்றால் இலை. ஒரு பணியாரம் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

4 ஜூலை 2025

"பரிமாறுகிற பெண்கள் மட்டும் எப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உங்கள் அம்மா எழுந்த இடத்தில் இன்னொருவர் அம்மா நிற்கிறாள், அவ்வளவுதானே?" என்று ஒருவர்.

குத்தலாகக் கேட்டாலும் சரியான கேள்வி. நான் விசாரித்தேன். எங்களுக்குப் பரிமாறியவர் பக்கத்துக் கிராமம். பதினொன்றரைக்கே அவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிடுகிறார்களாம், அதே கறி, அதே குழம்பு, விருந்தாளிகளுக்கு முன்னால். மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. அம்மாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை என்று எழுத வந்தேன், எழுதிவிட்டேன்.

எல்லா ஹோட்டலிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். போகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

18 ஜூலை 2025

ஆடி பிறந்தாச்சு. இந்த மாதம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஹோட்டலில் கும்மாயம் உண்டா என்று கேளுங்கள். உளுந்தை வறுத்து மாவாக்கி, கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. கிண்டுகிற கை ஓய்ந்தால் கட்டி தட்டும். நல்ல கும்மாயம் கரண்டியிலிருந்து தானாக வழுக்கி விழும். ஹோட்டலில் பெரும்பாலும் நெய்யைக் குறைத்துவிடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் பயப்படுகிறார்களாம்.

26 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமைக்கு இலை சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டு இலையாம். எட்டு எப்படிப் பன்னிரண்டு ஆனது என்று நான் கேட்கவில்லை. அவருக்குச் சில வார்த்தை.

அது ஆவணி ரெண்டாவது ஞாயிறு. முகூர்த்தக் கூட்டம் இருக்கலாம். பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுச் சாப்பிட வரலாம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். விநாயகர் சதுர்த்தி 27-ம் தேதி, அதையொட்டி அங்கே திருவிழா நடந்துகொண்டிருக்கும், கார் நிறுத்தவே நேரமாகும். குன்றக்குடி போங்கள், இல்லையென்றால் பிள்ளையார்பட்டியை முந்தின நாள் சாயங்காலம் முடித்துவிடுங்கள். ஒன்றரை மணி இலைக்கு ரெண்டரைக்கு வந்து நின்றால் பணியாரம் ஆறியிருக்கும், குற்றம் அவர்கள்மேல் இல்லை.

கேக் வெட்டுவதென்றால் சாப்பாட்டுக்கு முன்னால் வெட்டாதீர்கள். கிரீம் தின்ற வாய்க்கு நண்டு ரசம் ஏறாது. அம்மா பக்கத்து நாற்காலியைக் காலியாக வையுங்கள், பரிமாறுகிறவர் நின்று பேச இடம் வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025

கவுனி வீட்டில் வேகவே மாட்டேன் என்கிறது, ஹோட்டலில் மட்டும் எப்படி அவ்வளவு குழைவாக வருகிறது என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காரைக்குடிக் கடைகளில் பழைய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேக வையுங்கள், நிறம் அதில்தான் இருக்கிறது. குக்கர் என்றால் சிறு தீயில் நன்றாக விட்டு, நசுக்கிப் பார்த்தால் விரலில் மசிகிற பதம் வர வேண்டும். அதற்கப்புறம்தான் சர்க்கரை. முதலிலேயே சர்க்கரையைப் போட்டால் அரிசி அந்த இடத்திலேயே நின்றுவிடும், எத்தனை விசில் விட்டாலும் வேகாது. தேங்காய்ப்பூவும் நெய்யும் இறக்கின பிறகு.